கல்யாணத்துக்குப் பிறகு நாமினி பெயரைப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டதை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசிக்கு 18 விழுக்காடும், முதிர்வுத் தொகையும் தரும் எண்டோமென்ட் பாலிசிக்கு முதல் ஆண்டு 4.5 விழுக்காடும் அதன் பிறகு 2.25 விழுக்காடும் வரி கட்டிவந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், இனி கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் பாலிசி எடுத்துவிடலாம், வீட்டு வாசலுக்கு ஏஜென்ட் வரவேண்டிய தேவையே இல்லை என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1981-ல் தொடங்கி, முழங்கால் ஒத்துழைத்த காலம் வரை கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போய் எல்.ஐ.சி. பாலிசி விற்றவள் நான்.

என் கணவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். மூன்றாவது பிள்ளையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நான் ஏஜென்சி எடுத்தேன். ஏஜென்டுகளை வழிநடத்தும் எங்கள் வளர்ச்சி அதிகாரி என்னிடம் முதல் நாளே சொன்னார்: "அம்மா, ஆண்கள் திண்ணையோடு திரும்பிவிடுவார்கள். உங்களால் அடுக்களை வரைக்கும் போக முடியும்." அது எவ்வளவு உண்மை என்று சில மாதங்களில் புரிந்தது. பெண்கள் பெயரில் பாலிசி எடுத்தால் முன்மொழிவுப் படிவத்தில் கூடுதலாகச் சில கேள்விகள் உண்டு. கடைசிப் பிரசவம் எப்போது, கர்ப்பம் கலைந்தது உண்டா, இப்போது மாதம் தள்ளிப் போயிருக்கிறதா என்பவை அவை. ஓர் ஆண் ஏஜென்ட் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டால் கணவர்தான் பதில் சொல்வார், பாதி தவறாக. நான் கொல்லைப்புறக் கிணற்றடியில் உட்கார்ந்து கேட்பேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத கருச்சிதைவுகளை என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சரியான பதிலை எழுதினால்தான் பின்னால் கிளெய்ம் தடையில்லாமல் வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தஞ்சை மாவட்டத்தில் பாலிசி விற்பவருக்குப் பஞ்சாங்கம் தெரிந்திருக்க வேண்டும். விவசாயியின் கையில் பணம் புரளுவது சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து குறுவை நன்றாக விளைந்தால் தீபாவளியை ஒட்டியும் கொஞ்சம் வரும். ஆகவே பட்டீஸ்வரம், ஆவூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு ஆண்டுப் பிரீமியமாகப் போட்டு, தவணைத் தேதி மாசியில் விழுகிற மாதிரி பாலிசியின் தொடக்கத் தேதியை வைக்கச் சொல்வேன். அதே நிதியாண்டுக்குள் முன்தேதியிட அனுமதி உண்டு. ஆடி மாதத்தில் தவணை விழுகிற மாதிரி ஒருவருக்குப் பாலிசி போட்டுவிட்டால் அது இரண்டாம் ஆண்டே காலாவதியாகும் என்று எழுதி வைத்துவிடலாம். பட்டீஸ்வரத்தில் நடவு எப்போது, அறுப்பு எப்போது என்று கணினித் திரை யாரையும் கேட்பதில்லை.

திருபுவனத்துப் பட்டு நெசவாளர்களையும் சுவாமிமலைச் சிற்பக் கூடங்களில் வேலை பார்ப்பவர்களையும் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்காரர்களையும் அமாவாசையன்று பார்க்கப் போவேன். அன்று தறியும் உலையும் ஓயும். வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை போகக்கூடாது. போனால் "நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேச வந்துவிட்டாயே" என்று வீட்டுப் பெரியம்மா உள்ளே போய்விடுவார். வயதுச் சான்று கிடைப்பது இன்னொரு பாடு. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஜாதகம்தான் சான்று. நந்தன வருஷம் கார்த்திகை என்றால் 1952 நவம்பர், டிசம்பர் என்று கணக்குப் போட வேண்டும். ஜாதகமும் இல்லாதவர்கள் "52 புயலில் நான் கைக்குழந்தை" என்பார்கள். நாகப்பட்டினத்தில் கரை ஏறிய அந்தப் புயல் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் குறித்துக் கொடுத்திருக்கிறது.

இந்த வேலையில் எனக்குப் பெரிய பரிசுகள், கிளப் உறுப்பினர் பதவிகள் எல்லாம் வந்ததில்லை. சிறிய பாலிசிகள்தான் போட்டேன். எல்.ஐ.சி. திட்ட எண்ணில் சொன்னால் 14-ஆம் நம்பர் எண்டோமென்ட், 75-ஆம் நம்பர் மணி பேக், பின்னாளில் ஜீவன் ஆனந்த் திட்டம். என் வீட்டை நடத்தியது ஆண்டுதோறும் வருகிற புதுப்பிப்புக் கமிஷன். பாலிசி உயிரோடு இருந்தால்தான் அந்தக் கமிஷனும் வரும் என்பதால், பாலிசிதாரரின் நலனும் என் நலனும் ஒரே திசையில் இருந்தன. முதல் ஆண்டுக் கமிஷனில் பாதியை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம், கொடுத்ததில்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு வார்ப்புத் தொழிலாளி. பித்தளையை உருக்கி அச்சில் ஊற்றுகிற வேலை. இருபத்திரண்டு வயதில், கல்யாணத்துக்கு முன், வேறொரு ஏஜென்டிடம் பாலிசி எடுத்திருக்கிறார். நாமினி, அதாவது அவர் இறந்தால் பணத்தைப் பெற்றுக்கொள்ள எழுதியிருந்தவர், அவருடைய அம்மா. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அம்மா காலமானார். பிரீமியம் மட்டும் தவறாமல் கட்டப்பட்டது. நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மனைவி பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நாமினி என்று எழுதியிருந்த இடத்தில் இறந்துபோன ஒருவரின் பெயர். நாமினி உயிரோடு இருந்திருந்தால் ஒரு படிவம், இறப்புச் சான்று, பத்திரம் ஆகிய மூன்றையும் கொடுத்ததும் முடிந்திருக்க வேண்டிய காரியம். இப்போது வாரிசுச் சான்று வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் ஈடு செய்கிறோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரம் வேண்டும், அதற்கு ஜாமீன் நிற்க ஆள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணோடு அலுவலகம் அலுவலகமாக நானும் போனேன். பணம் வந்தது. ஆனால் அது வருவதற்குள் மூத்த பையன் எட்டாம் வகுப்போடு நின்று அப்பா வேலை பார்த்த அதே பட்டறைக்குப் போய்விட்டான். பணம் வந்த பிறகு திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி நான் எவ்வளவோ மன்றாடினேன். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டான்.

இரண்டாவது, கும்பகோணத்துக்குள்ளேயே ஒரு கடை ஊழியரின் குடும்பம். இங்கே அம்மா உயிரோடு இருந்தார், நாமினியும் அவரே. மகன் இறந்ததும் பணம் அம்மா பெயருக்கு வந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. கைக்குழந்தையோடு மருமகள் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்தான், அது வாரிசுச் சட்டப்படி உரியவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசுகள். எங்கள் தெருவில் இருந்த வழக்கறிஞர் இதை எடுத்துச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய பிறகு பஞ்சாயத்து நடந்து, மருமகளுக்கும் குழந்தைக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அந்த மாமியாரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர். அவருக்கும் வயதான காலத்துக்குக் காசு வேண்டும். மகன் உயிரோடு இருந்தபோதே பத்திரத்தை எடுத்து, அம்மாவுக்கு இவ்வளவு விழுக்காடு, மனைவிக்கு இவ்வளவு விழுக்காடு என்று இருவர் பெயரையும் எழுதியிருக்கலாம். நாமினி ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் 2015-ல் வந்த திருத்தப்படி, பெற்றோர், கணவர், மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அவருக்கே உரிமையாகிறது. இதன் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்று வழக்குகள் இன்னும் நடக்கின்றன. ஆனால் ஒன்று தெளிவு. அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது முன்பு இருந்ததைவிட இன்று பல மடங்கு முக்கியம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில், கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போய்விடும், புதிதாகக் கொடுத்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டில் அப்படி இல்லை. நாமாகப் போய் மாற்றினால் ஒழிய, இருபது வயதில் எழுதிய பெயர் அறுபது வயதிலும் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் உட்பட.

அந்த வார்ப்புத் தொழிலாளி வீட்டு அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. என் பாலிசிதாரர் யார் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தாலும், மொய்க் கவரை எடுத்து வைக்கும்போதே நாமினி மாற்றும் படிவம் ஒன்றையும் எடுத்து வைப்பேன். பந்தியில் கொடுக்க முடியாது. மறுவீடு எல்லாம் முடிந்து, புதுப்பெண் வீட்டில் பழகிய பிறகு ஒரு மாலை போவேன். மாமியார் இருக்கும்போதேதான் பேச்சை எடுப்பேன். மறைவாகச் செய்தால் அது சண்டையில் முடியும். "அம்மா பெயர் இருக்கட்டும் அக்கா, எதற்கு இப்போது மாற்றிக்கொண்டு" என்று மாப்பிள்ளை நெளிவார். நான் மாமியாரிடமே கேட்பேன்: "நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்குப் பால் வாங்க இவள் உங்கள் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா அம்மா?" பெரும்பாலான மாமியார்கள் அந்த இடத்தில் இளகிவிடுவார்கள். தானே பேனாவை எடுத்து மகனிடம் கொடுத்த மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு அதன் பெயரைச் சேர்க்க விரும்பினால், மைனராக இருப்பதால் பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பொறுப்பாளர் ஒருவரையும் எழுத வேண்டும். அதையும் சொல்லிவிட்டு வருவேன்.

கட்டுரை எழுதியவரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். பாலிசி எடுத்த பையனுக்குக் கல்யாணம் ஆனது கைப்பேசிச் செயலிக்கு எப்படித் தெரியும்? அவனுடைய அம்மா காலமானது தெரியுமா? பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியுமா என யார் கேட்பார்கள்?

பணம் கட்டுவதற்குக் கைப்பேசி வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. பிரீமியத்தை ஏஜென்ட் கையில் கொடுத்தால் அது நிறுவனத்துக்குக் கட்டியதாக ஆகாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏஜென்டிடம் காசோலையைக் கொடுத்து, அது கிளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாலிசிதாரர் இறந்துவிட்ட வழக்கு அது. அப்படி எந்தக் குடும்பமும் இனித் தவிக்க வேண்டியதில்லை. என் மகள் வயதுப் பெண்கள் அலுவலகத்திலிருந்தே தவணை கட்டுவதைப் பார்க்கிறேன். நல்லதுதான். ஏஜென்டுகள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் நான் வாதாட வரவில்லை. 2008-க்கு முன்னால் பணத்தைப் பங்குச் சந்தையில் போடும் யூலிப் பாலிசிகள் பரபரப்பாக விற்ற நாட்களில், "மூன்று வருடம் கட்டினால் போதும், பணம் இரட்டிப்பாகும்" என்று சொல்லி ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பை அதில் போடவைத்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. சந்தை சரிந்தபோது அந்தப் பெரியவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அந்தப் பாலிசிகளை விற்றவர்கள் அப்புறம் அந்தத் தெருக்களில் நடமாடவே இல்லை. 2010-ல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் யூலிப்பில் பணத்தை எடுக்க முடியாத கட்டாயக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது.

ஆனாலும், திரும்பத் திரும்ப அதே வாசலுக்கு வரும் ஒருவர் குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இன்னொன்றையும் சொல்கிறேன். திருபுவனத்தில் ஒரு நெசவாளர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கப் போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. "பாலிசிதான் கட்டாமல் போய்விட்டதே அக்கா, அதனால் உங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை" என்றார் அவர் மனைவி. பட்டு விற்காமல் கூலி நின்றுபோன சமயம், கடைசி அரையாண்டுத் தவணை கட்டப்படவில்லை. பத்திரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு முன் மூன்று முழு ஆண்டுகளுக்கு மேல் கட்டியிருந்தார். அந்த வகைப் பாலிசிகளில், மூன்று முழு ஆண்டுகள் கட்டியிருந்தால், கட்டத் தவறிய தவணைத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறப்பு நேர்ந்தாலும் பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையும் தரும் சலுகை உண்டு. ஐந்து முழு ஆண்டுகள் கட்டியிருந்தால் அந்தக் கெடு ஓராண்டு. அவருக்கு ஆறு மாதம் முடியவில்லை. பணம் வந்தது. நான் அன்று திருபுவனத்துக்குப் பஸ் ஏறாமல் இருந்திருந்தால் அந்தப் பத்திரம் வீண் காகிதம் என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். உங்கள் வாசகர்களில் யார் வீட்டிலாவது இப்படி "கட்டாமல் விட்ட" பாலிசி இருந்தால், கிளையில் கேட்காமல் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

அந்தப் பெண்மணியைப் பற்றி இன்னொன்று. அவர் நாள் முழுவதும் கணவரின் தறிக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுத்தவர். அவர் கை நின்றால் தறி நின்றுவிடும். ஆனால் அவர் பெயரில் பாலிசி போடப் போனால், சொந்த வருமானம் இல்லாத இல்லத்தரசி என்ற பிரிவில்தான் எழுத வேண்டியிருந்தது. கணவருக்கு முதலில் போதிய காப்பீடு இருக்க வேண்டும், அதை ஒட்டித்தான் மனைவிக்கு. தார் சுற்றும் பெண்ணுக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும், வெற்றிலைக் கொடிக்காலில் குனிந்து நிமிரும் பெண்ணுக்கும் வருமானம் இல்லை என்று என் கையால் எத்தனை படிவங்களில் எழுதினேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. வரியை நீக்கிய அரசும் விதிகளை வகுக்கும் ஆணையமும் இந்தப் பெண்களின் உழைப்பை வருமானமாகக் கணக்கில் எடுக்க ஒரு வழி காண வேண்டும். குடும்பத்தில் மனைவி இறந்தால் ஏற்படும் இழப்பு என்ன என்று எந்த நெசவாளரைக் கேட்டாலும் ரூபாய்க் கணக்கில் சொல்வார்.

பெண்களுக்காக 1874-லேயே ஒரு சட்டம் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. கணவர் தன் உயிர் மீது எடுக்கும் பாலிசியை, எடுக்கும்போதே இந்தச் சட்டத்தின் கீழ் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவிட்டால், அது அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். கடன்காரர் கை வைக்க முடியாது, நீதிமன்ற ஜப்தியும் செல்லாது. கடன் வாங்கி வியாபாரம் செய்கிற ஒவ்வொருவருக்கும் இதை நான் சொல்லிப் பார்த்தேன். பிறகு அந்தப் பாலிசியின் மேல் கடன் வாங்குவதும் இடையிலேயே சரண்டர் செய்து பணம் வாங்குவதும் தன் விருப்பத்துக்கு நடக்காது என்று தெரிந்ததும் பலர் பின்வாங்கினார்கள். ஒப்புக்கொண்ட சிலரின் குடும்பங்கள் வியாபாரம் நொடித்தபோதும் அந்தப் பணத்தை இழக்கவில்லை. கைப்பேசியில் பாலிசி எடுக்கும் இளைஞர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு, எடுக்கும்போதே பூர்த்தி செய்ய வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது.

வாசகர்களுக்கு இன்னொரு தகவல். காப்பீட்டு நிறுவனங்கள் தங்களிடம் உரிமை கோரப்படாமல் கிடக்கும் தொகைகளைத் தேடிப் பார்க்கத் தங்கள் இணையதளங்களில் வசதி வைத்திருக்கின்றன. பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை உள்ளிட்டால் தெரியும். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படுகிறது. அங்கே போன பிறகும் 25 ஆண்டுகள் வரை உரிய ஆவணங்களோடு கேட்டுப் பெறலாம். இறந்துபோன அப்பாவுக்கோ அத்தைக்கோ பாலிசி இருந்ததாக லேசாக நினைவிருந்தால்கூட ஒரு முறை தேடிப் பாருங்கள். பத்திரம் தொலைந்திருந்தாலும் ஈட்டுறுதிப் பத்திரம் கொடுத்து வாங்க வழி உண்டு.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழில் ஜோதிடத்துக்கும் மருத்துவத்துக்கும் கேள்வி பதில் பகுதி இருக்கிறது. அதே போல, மாதம் ஒரு நாளாவது காப்பீட்டுப் பத்திரங்கள், நாமினி, கிளெய்ம் பற்றி வாசகர்கள் கேட்க ஒரு பகுதி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாலிசி வாங்கலாம் என்ற ஆலோசனை அதில் வேண்டாம், அதற்கு விளம்பரங்களே போதும். ஏற்கெனவே வாங்கியதை என்ன செய்வது என்பதற்கு மட்டும் இருக்கட்டும். பதில் எழுத என்னைப் போன்ற பழைய முகவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். சன்மானம் எதுவும் வேண்டாம். கும்பகோணம், திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களை எனக்கு அனுப்பினால், அந்த வாரத்துக்குள்ளேயே பதில் எழுதி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுள் காப்பீட்டு முகவர்,
மேலக்காவேரி, கும்பகோணம்.